ஐம்பத்தொரு குங்குமச் சிமிழ்கள்

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் கையில் பிடித்தது உளி. இப்போது வீட்டை ஒட்டியே தகரம் போட்ட சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். திருவண்ணாமலையில் எங்கள் வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் வர வர எனக்குப் பூஜை அறைக் கதவு வேலைதான் ஜாஸ்தி. தேக்கில் கேட்பார்கள், வேங்கையில் கேட்பார்கள், எப்போதாவது ஒருவர் ஈட்டி மரத்தில் கேட்பார். கதவை இழைத்து மணியை மாட்டி அனுப்பிவிட்டால் முஷ்டி அளவில், முழங்கை அளவில் துண்டுக்கட்டைகள் மிஞ்சும். சாமி அறைக்கென்று வாங்கின மரம். அதை அடுப்பில் போட எனக்கு மனசே வராது. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியாது. பட்டறை மூலையில் சாக்கு சாக்காகக் கிடந்தது.

"பாம்பு பூந்துக்கப் போவுது, அப்ப தெரியும்" என்று என் வீட்டுக்காரி மாதம் ஒருமுறையாவது சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய பிளாஸ்டிக் குங்கும டப்பா கீழே விழுந்து மூடி உடைந்துவிட்டது. நான் அப்போதுதான் கடைசல் மெஷினில் ஒரு கட்டில் கால் முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? சாக்கில் கையைவிட்டு ஒரு வேங்கைத் துண்டை எடுத்து மெஷினில் மாட்டினேன். மரம் சுற்ற ஆரம்பித்தால் அதன் மூலை முடுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். உளியை வைத்தால் நாடா நாடாவாகச் சுருள் பறக்கும். கொஞ்ச நேரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிமிழ் வந்துவிட்டது. மூடியின்மேல் சின்னக் கலசம் மாதிரி ஒரு குமிழ் வைத்தேன்.

"இன்னாங்க இது, பம்பரமா?" என்றாள்.

"மூடியத் தெறந்து பாரு."

திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் பார்த்தேன், அம்பாள் படத்துக்கு முன்னால் சிமிழ் இருந்தது, உள்ளே குங்குமம்.

அதிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. கதவு வேலைக்கு நடுவில் நேரம் கிடைத்தால் ஒரு சிமிழ். தேக்கில் செய்தால் சந்தன நிறத்தில் வரும், வேங்கையில் செய்தால் கருப்பட்டி நிறத்தில் வரும். ஈட்டியில் செய்தால் கருப்பும் ஊதாவுமாகக் கோடு கோடாக ஓடும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். கத்திரிக்காய் மாதிரி, மாங்காய் மாதிரி, கோபுரக் கலசம் மாதிரி, கைக்கு என்ன வருகிறதோ அதைச் செய்வேன்.

சிமிழில் கஷ்டமான வேலை மூடிதான். ஒரே கட்டையில் மேல்பாதி மூடி, கீழ்பாதி சிமிழ். அறுத்த இடத்தில் மரத்தின் ரேகை கீழேயிருந்து மேலே தொடர்ந்து ஓட வேண்டும். மூடி எப்படி உட்கார வேண்டுமென்றால், மூடியைப் பிடித்துத் தூக்கினால் சிமிழும் கூடவே வரணும், விரலால் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடணும். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. மாற்றிப் போட்டால் ஒன்று லொடலொட என்று ஆடும், இல்லாவிட்டால் உள்ளேயே போகாது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான்.

உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்ததோடு நிறுத்திவிடுவேன். வார்னிஷ், பாலிஷ் எதுவும் அடிக்க மாட்டேன். அம்மன் குங்குமம் இருக்கிற இடத்தில் அந்த நாற்றம் கூடாது என்பது என் எண்ணம். இந்த எண்ணம்தான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தது, அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஒரே பெண்ணைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருக்கிறோம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, நெல் என்று விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மாவும் நல்லவர்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். கல்யாணச் சீரில் நானே என் கையால் ஒரு சாப்பாட்டு மேஜை செய்து கொடுத்தேன். அது அவர்கள் வீட்டில் ஆடுகிறது. நாலு காலும் அளந்து அறுத்தது, அவர்கள் தரைதான் சமமில்லை என்பது என் கட்சி. "எங்க தரை இருபது வருஷமா அப்படியேதான் இருக்குது, மேஜை வந்த பிறகுதான் ஆடுது" என்பது சம்பந்தியம்மாவின் கட்சி. ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போகும்போதெல்லாம் அந்த அட்டையை எடுத்துக் காட்டி, "அண்ணா, உங்க ஞாபகமா வெச்சிருக்கோம்" என்பார்.

பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேசி முடிவு செய்ய நாங்கள் போயிருந்தபோது, வருகிற பெண்களுக்குத் தாம்பூலத்தோடு எவர்சில்வர் கிண்ணம் கொடுக்கலாம் என்றார் சம்பந்தியம்மா. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கிண்ணம் எதுக்குங்க? நானே என் கையால குங்குமச் சிமிழ் செஞ்சு எடுத்தாரேன். ஐம்பத்தொண்ணு."

"மரத்துலயா?"

"மரத்துலதான்."

அவர் மேஜையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஆடாம வருமா அண்ணா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "அப்பா, நல்லா செஞ்சுடுப்பா, எனக்காக" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அப்படிக் கேட்கிற பெண்ணே இல்லை. அந்த வீட்டில் அவள் வாழ்கிறாள், அந்த மேஜையில்தான் தினமும் சாப்பிடுகிறாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

ஒரு மாதம் இருந்தது. ஐம்பத்தொன்று ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் பட்டறை வாசலில் நின்று மலை உச்சியைப் பார்த்து, அண்ணாமலையாரே என்று ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் மெஷினைத் தொடுவேன். சாதாரண நாளில் இது ஒரு நிமிஷ வேலை. ஐப்பசியில் அப்படியா? மேகம் இறங்கினால் மலை இருந்த இடமே தெரியாது. ஒரு நாள் பத்து மணிக்கு உச்சி தெரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கண் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. அப்புறம் அடுத்தடுத்த நாள் தெரியவே இல்லை. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரி நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் உள்ளே போய் மளிகைக் கடைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அதில் மலையும் கோபுரமும் பளிச்சென்று இருந்தது.

"மலை தெரியுதா?"

"தெரியுது."

"கும்பிட்டுட்டு எழுந்திரிங்க. மழைக்கு லீவு உடறதுக்கு நீங்க இன்னா பள்ளிக்கூடமா?"

கும்பிட்டுவிட்டு எழுந்தேன். மரச்சுருள் முழங்கால் வரைக்கும் குவிகிற மாதிரி வேலை செய்தேன். எப்படியோ சனிக்கிழமை காலை ஐம்பத்தொன்றும் முடிந்தது. மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரி கண்ணாடி வளையல் வாங்கத் தேரடி வீதிக்குப் போயிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புதுப் பாத்திரம் வாங்கினால் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவாமல் நாம் எடுத்துப் புழங்குவதில்லை. இது மங்கலப் பொருள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆசீர்வாதம் செய்ய வருகிற சுமங்கலிகள் கையில் போகப்போவது. இதைக் கழுவாமல் கொடுக்கலாமா? பெரிய எவர்சில்வர் அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, மஞ்சளைக் கரைத்து, சிமிழ்களை எல்லாம் போட்டேன். மூடியைக் கழற்றிப் போட்டால் எது எதோடது என்று தெரியாமல் போய்விடும் என்று மூடியபடியே போட்டேன். கனமான ஈட்டிச் சிமிழ்கள்கூட முழுகவில்லை. எல்லாம் மிதந்தது. தலை முழுகாமல் குளித்தால் அது குளியலா? ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்து எல்லாவற்றையும் முழுக வைத்தேன். அப்புறம் நானும் குளித்துவிட்டு, அம்மன் சன்னிதியில் குங்குமம் வாங்கிக்கொண்டு வரலாம் என்று கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை கூட்டம் உங்களுக்குத் தெரியும். நான் திரும்பி வரும்போது மணி இரண்டு.

வீட்டுக்காரி சிமிழ்களையெல்லாம் எடுத்துத் துணியில் பரப்பி அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்னக்கூடையில் தண்ணீர் காப்பி மாதிரி இருந்தது. வேங்கை சாயம் விட்டிருந்தது. அவள் கையில் ஒரு தேக்குச் சிமிழ்.

"ஏங்க, இது மூடியா, இல்ல சும்மா கோடு போட்டு வெச்சிருக்கீங்களா?"

வாங்கித் திருகினேன். அசையவில்லை. இன்னொன்று. அதுவும் அசையவில்லை. ஐம்பத்தொன்றில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. வார்னிஷ் இல்லாத வெறும் மரம், நாலு மணி நேரம் தண்ணீர் குடித்திருக்கிறது. மூடிக்குள் போய் உட்காருகிற சிமிழின் கழுத்து உப்பி, மூடியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது.

கதவு கொடுக்கிற ஒவ்வொரு வீட்டிலும் நான் சொல்லிவிட்டு வருவேன்: "அம்மா, ஆயுத பூஜைக்குக் கதவைத் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, ஈரத் துணியால தொடைச்சுப் பொட்டு வையுங்க, மரம் உப்பிக்கும்." இருபத்தைந்து வருஷமாகச் சொல்கிறேன். பக்தி தலைக்கேறினால் படித்த தொழில்கூட மறந்துபோகிறது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பெண் போன் செய்தாள்.

"அப்பா, சிமிழ் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா." அது பொய் இல்லை.

"அத்தை தெரு முழுக்கச் சொல்லிட்டாங்கப்பா. எங்க சம்பந்தி கையால கடைஞ்ச சிமிழ் வருது, கடையில எங்கயும் கெடைக்காதுன்னு. கிண்ணம் வாங்கித்தரேன்னு மாமா சொன்னாரு, அத்தை வேணாம்னுட்டாங்க."

என்னைக் கேலி செய்கிறவர் எனக்காகத் தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கிறார். இப்போது என் பேர் மட்டும் இல்லை, அவர் பேரும் அந்த மூடிக்குள் மாட்டிக்கொண்டது. நாளைக்கு நாற்பது பெண்களுக்கு முன்னால் அவர் தலை குனிந்தால், அதற்கப்புறம் என் பெண் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்வாள்?

வெயில் இல்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி எழுந்து நேராக அரிசி டிரம்மிடம் போனாள்.

"என் போன் தண்ணித் தொட்டியில உழுந்தப்ப அரிசியிலதானே போட்டோம்? பொழைச்சுக்கல? இதுவும் பொழைக்கும்."

"அது போனு. இது மரம்."

"உங்களுக்கு எது தெரியும்னு இப்ப பேசறீங்க?"

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஐம்பத்தொன்றையும் அரிசிக்குள் புதைத்தாள். ஒவ்வொன்றையும் புதைக்கும்போது "அம்மா தாயே" என்றாள். நானும் பின்னால் நின்று சொன்னேன்.

ஞாயிறு விடியற்காலை தோண்டி எடுத்தோம். அரிசி கைவிடவில்லை. முப்பத்துநாலு திறந்தது. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் திறந்தது. மூன்றில் வெடிப்பு விட்டிருந்தது, அதை ஒதுக்கிவிட்டோம். மீதிப் பதினாலு, அசைவேனா என்றது. அதில் பாதி நல்ல ஈட்டிச் சிமிழ், பார்வைக்கு எல்லாவற்றையும்விட அழகு. திறந்ததில் எல்லாம் குங்குமத்தை நிரப்பினோம். திறக்காததை எடுத்துப் போகவே வேண்டாம் என்றேன் நான். "நாப்பது பேருக்கு முப்பத்துநாலு போதுமா? எடுத்துக்குங்க, வழியில தெறந்தாலும் தெறக்கும்" என்றாள் அவள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று சீர்த் தூக்குகளோடு வேனில் ஏறினோம். வழி முழுக்க நான் திருகிக்கொண்டே போனேன். கை சிவந்ததுதான் மிச்சம்.

வேன் நின்றதும் சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். நான் இறங்கி, ஆரத்தி முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மஞ்சள் தண்ணீர், குழவிக்கல், அரிசி எல்லாம். மறைத்து வைத்து நாலு பேர் முன்னால் அவரை மாட்டிவிட எனக்குத் தைரியம் இல்லை.

அவர் ஒரு ஈட்டிச் சிமிழைக் கையில் எடுத்து, திருகிப் பார்த்தார். புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகிப் பார்த்தார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேஜைக் கதை வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"அண்ணா, நீங்க வெளிய பந்தல்ல போய் உட்காருங்க. வாயத் தெறக்காதீங்க" என்றார். "இதோ இந்தச் சிமிழ் மாதிரி இருங்க."

வளைகாப்பு நடக்கிற இடத்தில் ஆண்களுக்கு என்ன வேலை? நான் பந்தலில் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். உள்ளே வளையல் சத்தம், பாட்டு, சிரிப்பு. என் பெண் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டு பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வளையல். எல்லாம் முடிந்து தாம்பூலம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் காதை ஜன்னலில் வைத்தேன்.

முதல் நாலைந்து பேருக்குத் திறக்கிற சிமிழாகவே போனது. "ஐ, எவ்ளோ அழகு பாரேன்" என்றெல்லாம் கேட்டது. அப்புறம் ஒரு குரல்:

"அக்கா, என்னுது தெறக்கலையே?"

நான் நாற்காலியை ஜன்னலோடு ஒட்டி இழுத்துக்கொண்டேன்.

"தெறக்கக் கூடாதுடி" என்றார் சம்பந்தியம்மா, நிறுத்தி நிதானமாக. "புள்ளத்தாச்சிக்குச் செய்யற சடங்குல குடுக்கறது. அதுக்கு நேரம் வரும்போது தானா தெறக்கும். அவசரப்பட்டுத் தெறக்கறதா எல்லாம்? திருவண்ணாமலை ஆளுங்க கொண்டாந்தது, கேட்டுப் பாரு."

அந்தப் பெண் என் வீட்டுக்காரியைக் கேட்டாள். "அப்படியாங்க?"

என் வீட்டுக்காரி ஜன்மத்தில் பொய் சொன்னது கிடையாது. இப்போது சொல்லிவிடுவாளோ, சொல்லாமல் போட்டு உடைத்துவிடுவாளோ, இரண்டுமே எனக்குப் பயமாக இருந்தது.

"மலையப் பார்த்துக் கும்புடாம அவரு உளியையே தொட மாட்டாருங்க" என்றாள். "செஞ்சு முடிச்சு, எல்லாத்தையும் மஞ்சத் தண்ணியில முழுக வெச்சு எடுத்தாரு. அப்புறம் ராத்திரி முழுக்க அரிசிக்குள்ள வெச்சிருந்து எடுத்தாந்தோம்."

ஒரு வார்த்தை பொய் இல்லை.

"அப்ப எனக்கும் தெறக்காதது குடுங்க" என்றது இன்னொரு குரல்.

அவ்வளவுதான். எனக்குக் குடு, எனக்குக் குடு என்று ஒரே தள்ளுமுள்ளு. பதினாலும் போன இடம் தெரியவில்லை. திறக்கிற சிமிழ் கிடைத்தவர்கள் எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா தன் சிமிழின் மூடியை உள்ளங்கையால் அமுக்கு அமுக்கு என்று அமுக்கினதை நான் என் கண்ணால் பார்த்தேன். இன்னொருத்தர், "நான் ரெண்டாவதா வந்தேன், எனக்கு மட்டும் லூசா இருக்கறது எப்படி?" என்று நியாயம் கேட்டார். ஐம்பத்தொன்றையும் அரிசியில் போடாமலேயே எடுத்து வந்திருக்கலாம் போலிருக்கிறது.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். எனக்கு மனசு உறுத்தியது. சாமி காரியத்தில் இல்லாத சாஸ்திரத்தைக் கிளப்பிவிட்டோமே என்று.

"பாவம் இல்லீங்களா?" என்றேன்.

"எது பாவம்? தானா தெறக்கும்னு சொன்னேன். தை மாசம் வெயில் அடிச்சா தெறக்குமா, தெறக்காதா?"

"தெறக்கும்."

"உங்க பொண்ணுக்கு மாசம் எப்ப முடியுது?"

"தையிலதான்."

"அப்புறம் இன்னா?" என்று சொல்லிவிட்டு எனக்குக் கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளயே வெச்சுக்கினு மறைக்காம வந்து சொன்னீங்களே அண்ணா, அது போதும்" என்றார். கும்பிட்டேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, "போய் பொண்ணக் கூட்டிக்கினு கிளம்புங்க, ராகு காலம் வரப்போவுது" என்றார்.

பிரசவத்துக்குப் பெண்ணை எங்களோடு அழைத்து வந்தோம். வேனில் அவள் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையை அசைத்தால் வளையல் எல்லாம் பேசியது. மடியில் ஒரு ஈட்டிச் சிமிழ். பதினாலில் ஒன்றை அவள் அத்தையே எடுத்து அவளுக்கென்று மறைத்து வைத்திருந்தாராம்.

அவள் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், எதையும் விடமாட்டாள். நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தாள். முந்தானையால் சுற்றித் திருகிப் பார்த்தாள். பல்லுக்குக் கொண்டு போனாள்.

"அய்ய, வேணாம்மா" என்று கையைப் பிடித்தேன்.

"ஏம்பா? அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீ தண்ணியில ஊற வெச்சதுதானே? அடுப்புகிட்ட கொஞ்ச நேரம் வெச்சா தெறந்துக்கும்."

"தெறந்துக்கும்தான்."

"அப்புறம்?"

எல்லாம் எனக்குத் தெரியும். குழவிக்கல்லை அதன் தலையில் தூக்கி வைத்ததே நான்தான். ஆனாலும் சிமிழை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் முந்தானையிலேயே முடிந்து, மறுபடியும் அவள் மடியிலேயே வைத்தேன்.

"இருக்கட்டும்மா" என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, அப்பா நம்பிட்டாரு" என்றாள்.

"அவரு எப்பவோ நம்பிட்டாரு" என்றாள் என் வீட்டுக்காரி.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அந்த முடிச்சு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.